ஓரக்கண்ணால் வாசிக்க ஓர் எழுத்துரு

அக்காவுக்கு இரண்டு கண்களிலும் நடுப்பார்வை மங்கிய வருடம், நான் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தேன். புதிதாகக் கட்டப்பட்டு வந்த ஒரு மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைகளுக்கு. அலங்காரம் எதுவும் வேண்டாம், கோடு எங்கும் ஒரே தடிமனாகச் சுத்தமாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அக்கா கணக்கு டீச்சர். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்கிற இடத்தில் மட்டும் பனி மூடியிருக்கிறது, சுற்றிலும் எல்லாம் தெரிகிறது என்பாள். எதையும் சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் அது அவளுக்குக் கிடைக்கும். என் முகம் தெரிய என் காதைப் பார்ப்பாள்.

வரைந்ததை அச்செடுத்து ஹால் சுவரில் ஒட்டுவேன். மதியங்களில் ஜன்னல் வெயில் மெல்ல அவற்றின்மேல் ஏறும். மின்விசிறிக் காற்றில் தாள்கள் அசைய, எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் இருக்கும். ஒரு நாள் அக்கா எதிர்ச்சுவரில் சாய்ந்து, தலையை ஒருக்களித்து, நான் கேட்காமலே வாசிக்கத் தொடங்கினாள். ‘மகள்’ என்றிருந்ததை ‘மகன்’ என்றாள். திருத்தினேன். அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதக்கணக்கில் அவள் எதையும் வாசித்தே பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தாள்களைக் கழற்ற எழுந்தேன்.

“இருக்கட்டும்டி. அந்த ‘ள’வுக்கு மூச்சு முட்டுது. உள்ள கொஞ்சம் எடம் விட்டுப் பாரேன்” என்றாள்.

விட்டுப் பார்த்தேன். சுழிகளைப் பெரிதாக்கினேன், கோடுகளை ஒன்றையொன்று நெருக்காமல் தள்ளி வைத்தேன். எது மூழ்குகிறது, எது மேலே வருகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். சில மதியங்களில் இருவருமே தரையில் தூங்கிப்போவோம். என் தூக்கத்துக்குள் பெரிய வெள்ளை வெளியில் வளைவுகள் மிதந்து போகும். விழித்ததும் ஞாபகத்தில் தங்கியதை வரைவேன். ‘ழ’ அப்படித்தான் வந்தது.

மருத்துவமனை திறந்ததும் அவளைக் கூட்டிப்போனேன். வராந்தாவில் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மருந்தகம், ஆய்வகம், மின்தூக்கி என்று ஒவ்வொரு பலகையாக, முணுமுணுத்தபடி. சீட்டும் கையுமாக வந்த ஒருவர் அவளிடமே மருந்து எங்கே வாங்குவது என்று கேட்டார்.

“நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கண்ணே.”

அவர் போனபின் அக்கா சுவரில் கைவைத்து நின்றாள். அழுகிறாளோ என்று கிட்டே போனேன். இல்லை, அடுத்த பலகையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த எழுத்துருவைப் பிறகு யாரும் பயன்படுத்தலாம் என்று மருத்துவமனைக்காரர்கள் விட்டுவிட்டார்கள். தயிர் பாக்கெட்டில் வந்தது. செல்லூரில் ஒரு காதுகுத்து பிளெக்ஸில் மாமன்மார்களின் பெயர்களை வரிசையாகச் சுமந்துகொண்டு நின்றது. அக்காவின் பார்வை தேறவில்லை, மேலும் மோசமாகவும் ஆகவில்லை. அடுத்த ஜூனில் வேலைக்குப் போய்விட்டாள். கணக்குகளை அந்த எழுத்தில் பெரிதாக அச்சடித்து வகுப்புக்குக் கொண்டுபோகிறாளாம். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷமாம்.