பேனரைத் தாண்டக் கூடாது

நான் முதன்முதலில் ஓடியது நாய்க்குப் பயந்துதான். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் தினமும் விடியற்காலையில் வாக்கிங் போவோம். அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. ஒருநாள் பூங்கா மூலையில் படுத்திருந்த நாய்கள் விரட்டியதில், சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பிளாக் வரைக்கும் ஓடினோம். நாய்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. நாங்கள்தான் நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்: "அக்கா, நாளைக்கும் ஓடுவோமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பஜாரில் ஆளுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினோம். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், அந்த நேரத்தில் ஷிஃப்ட் பஸ்ஸைத் தவிர வண்டி கிடையாது. ஓடுவதற்கென்றே போட்ட ஊர் மாதிரி இருக்கும். முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, என் கால் எனக்குச் சொந்தம் என்று தோன்றியது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நட, ஓடு, எதையாவது பண்ணு. டிபனை மட்டும் மூடி வச்சிட்டுப் போ," என்றார். அவர் அளவில் அது பெரிய சம்மதம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷப் பிறப்புக்கு, குடியிருப்பு மக்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு, புத்தாண்டு ஓட்டம் என்று அறிவித்தார்கள். காலை ஆறு மணி, பத்து கிலோமீட்டர். பூங்கா வாசலில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். முதல்நாளே மாவரைத்து, கலர்ப்பொடிக் கோலமும் போட்டு முடித்துவிட்டு, விடிவதற்குள் மைதானத்தில் போய் நின்றோம்.

ஆறு மணிக்கு மைக் செட்காரர் மட்டும்தான் வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் கோயிலில் இருக்கிறார் என்றார்கள், பிறகு வீட்டில் இருக்கிறார் என்றார்கள், பிறகு கிளம்பிவிட்டார் என்றார்கள். வெயில் தோளில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார். பிறகு பொன்னாடை. உடல்நலத்தின் முக்கியத்துவம் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருமே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

ஒருவழியாக எல்லாரும் எழுந்தபோது கமிட்டி செயலாளர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "லேடீஸ் எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. உங்களுக்கு வாக்கத்தான். மூணு கிலோமீட்டர்."

"நாங்க பத்து ஓடறதுக்கு வந்திருக்கோம் சார்," என்றேன்.

"அது ஜென்ட்ஸுக்குங்க மேடம்."

"நோட்டீஸ்ல அப்படிப் போடலையே?"

"அது சொல்லித்தான் தெரியணுமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பட்டுப்புடவையிலும் சுடிதாரிலுமாக இருபது முப்பது பெண்கள் நின்றோம். முன்னால் இரண்டு பேர் ஒரு பேனரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் எல்லாரும் வர வேண்டும். போட்டோகிராபர் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுப்பார். பேனர் பிடித்தவர்களில் ஒருவருக்கு முட்டிவலி. ஆகவே மொத்த ஊர்வலமும் அவர் நடைக்குத்தான் நடந்தது. எனக்குக் காலெல்லாம் அரித்தது. ஒரு திருப்பத்தில் இடைவெளி பார்த்து நானும் எதிர்வீட்டுக்காரியும் ஓரமாக முன்னே போனோம். உடனே விசில். "மேடம்! பேனரைத் தாண்டக் கூடாது! போட்டோல கூட்டம் தெரியாது!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்து வரிசையில் நின்றோம். வீட்டுக்கு வந்து ஷூவை உதறிக் கழற்றிய வேகத்தில் அது கொல்லைப்பக்கக் குழாயில் போய் மோதியது. வருஷத்தின் முதல் நாள்.

கோபம் எனக்குச் சீக்கிரம் ஆறாது. மார்கழி வருவதற்கு வெகு முன்னாலேயே செயலாளர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அவர் மனைவி காபி கொடுத்தார். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரி, பத்துப் பேராவது சேர்த்துக்கிட்டு வாங்க. லேடீஸுக்கும் பத்து கிலோமீட்டர் வச்சிடலாம்," என்றார். பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அவர் நினைத்தது கிட்டத்தட்ட சரிதான். ஒவ்வொரு வீடாகப் படியேறினோம். ஒருத்திக்கு மாமியார். ஒருத்திக்குப் புத்தாண்டு பூஜை. ஒருத்தி, "பேன்ட் போடணுமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "சுடிதாரே போதும்" என்றதும் வருகிறேன் என்றாள். மெயின் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி, புர்காவோடு ஓடலாமா என்று கேட்டார். ஓடலாம் என்றோம். மறுநாளே வந்து, எங்கள் இரண்டு பேரையும்விட வேகமாக ஓடினார். எப்படியோ பத்துப் பேர் சேர்ந்தோம். இரண்டு மாதம் மழையிலும் பனியிலும் ஓடினோம். மூன்று கிலோமீட்டருக்கே உட்கார்ந்தவர்கள் ஏழு, எட்டு வரை வந்துவிட்டார்கள். செயலாளர் ஒருநாள் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றார். எங்களுக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அச்சடிக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலை 'தானே' புயல் வந்தது.

அந்தக் காற்றின் சத்தத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் ரோடே காணோம். மரங்கள்தான் கிடந்தன. நாங்கள் ஓடிய ரோடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. சுரங்கத்தில் தண்ணீர் ஏறாமல் பார்க்க வேண்டும் என்று போன என் வீட்டுக்காரர் அடுத்தடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தார். ஓட்டம் ரத்து என்று யாரும் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

என் அப்பா அம்மா காடாம்புலியூரில். முந்திரித் தோப்புக்கு நடுவில் வீடு. இரண்டு நாளாக ஒரு தகவலும் இல்லை. பஸ் ஓடவில்லை, பைக் வீட்டுக்காரரிடம். ஜனவரி ஒன்றாம் தேதி காலை, பிள்ளைகளை எதிர்வீட்டுக்காரியின் மாமியாரிடம் விட்டுவிட்டு நடந்தே போவது என்று கிளம்பினேன். எதிர்வீட்டுக்காரி ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "தனியா போவாதீயக்கா. நானும் வாரேன்."

ஓடிப் பழகிய கால்தானே, ஓடிவிடலாம் என்று நினைத்தேன். முத்தாண்டிக்குப்பம் திருப்பம் வருவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது. ரோட்டில் நூறடி சேர்ந்தாற்போல் வெறுமையாக இல்லை. புளியமரத்தின் மேல் ஏற வேண்டும், இறங்க வேண்டும், கரண்டுக் கம்பியைச் சுற்றி வயலில் இறங்க வேண்டும். கொஞ்சம் ஓடுவோம், உடனே மரம். மறுபடி கொஞ்சம், மறுபடி மரம். என் சுடிதார் இரண்டு இடத்தில் கிழிந்தது. வழியில் பார்த்த ஒவ்வொரு முந்திரித் தோப்பும் வேரோடு சாய்ந்து படுத்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வீடு நின்றுகொண்டிருந்தது. கூரையில் ஓடு பாதி இல்லை. அம்மா வாசலில் ஈர அரிசியை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். "பஸ்ஸே இல்லியேடி, எப்பிடி வந்த? நடந்துக்கினா வந்த?"

"பாதி ஓடினேம்மா."

அப்பா தோப்புக்குள் வெட்டரிவாளோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வருஷா வருஷம் எங்களுக்குப் பழம் அனுப்பும் பலாமரம் வேரை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது.

"ஓடிக்கினு வந்தியா?" என்றார் என்னைப் பார்க்காமலே. "இன்னா, இங்க பந்தயமா நடக்குது? அல்லாம் பூடுச்சி. நீ ஓடி வந்து இன்னா பண்ணப் போற?"

உண்மையில் ஒன்றும் பண்ண முடியவில்லை. நானும் அவளும் சாயங்காலம் வரை கிளைகளை இழுத்துப் போட்டோம். ஒரு மூலைகூடச் சுத்தமாகவில்லை. இரண்டு மாதம் பத்துப் பேரைச் சேர்த்து நான் பட்ட பாட்டை, அது வீணானதை, அந்த ஊரில் யாரிடம் சொல்வது? விதைத்துப் பல வருஷம் கழித்துக் காய்க்கிற மரமெல்லாம் தரையில் கிடக்கும்போது என் ஓட்டத்தைப் பற்றி வாய் திறக்க முடியுமா? ஆனாலும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. தோப்புக்காகவும், அதற்காகவும்.

அடுத்த புத்தாண்டு ஓட்டத்துக்குப் புதுக் கமிட்டி வந்தது. பழைய செயலாளர் ரிட்டயர் ஆகி ஊரைவிட்டே போய்விட்டார். புதியவரிடம் போய், போன முறை ஒத்துக்கொண்டதைச் சொன்னோம்.

"பழைய கமிட்டி பேசினதுக்கெல்லாம் நாங்க எப்படிங்க மேடம் பொறுப்பாக முடியும்?"

"அப்ப நீங்க ஒத்துக்கோங்க சார்."

"ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் இருக்கு. லேடீஸ் யாராவது மயங்கி விழுந்துட்டா?"

எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "ஆம்பிளையாளு விழுந்தா என்ன செய்வீய?"

"தூக்கிட்டுப் போவோம்."

"எங்களையும் தூக்குங்க. நாங்க அவ்வளவு கனமில்ல."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கிற 'பார்க்கலாம்' அது.

ஒன்றாம் தேதி காலையில் நாங்கள் ஆறு பேர்தான். ஒருத்தி மாசமாக இருந்தாள், ஒருத்தி மாற்றலில் போய்விட்டாள், மற்ற இருவருக்கு வீட்டில் சம்மதமில்லை. எங்களுக்கு நம்பரும் இல்லை, பனியனும் இல்லை. ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றோம். யாரும் கவனிக்கவில்லை. கொடி அசைந்ததும் ஓடினோம். அப்போதுதான் மைக் அலறியது. "மேடம், மேடம், அது ஜென்ட்ஸ் ரன்! லேடீஸ் தயவுசெய்து திரும்பி வாங்க!"

நைட் ஷிஃப்ட் முடிந்து, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மைதான ஓரத்தில் நின்றிருந்தார். செயலாளர் அவரிடமே போனாராம். "சார், உங்க மிஸஸைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார்."

"நான் கூப்பிட்டா நிக்க மாட்டாங்க சார்," என்றாராம் இவர். "வேணும்னா நீங்க ஓடிப் போய்ப் பிடிங்க."

இதைப் பிற்பாடு கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்த அன்பு, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

ஆனால் ஓட்டம் நன்றாக இல்லை. பாதி தூரத்தில் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் டம்ளரை நீட்டிய கை, என்னைப் பார்த்ததும் பின்வாங்கியது. "நம்பர் இருக்கறவங்களுக்குத்தாங்க எண்ணி வச்சிருக்கு." துணிக்கடைக்காரர் மனைவி கையை நீட்டி இரண்டு டம்ளரை எடுத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார், ஒன்றைத் தான் குடித்தார். பிறகு போய்விட்டார், நான் பிடிக்கவே முடியாத வேகத்தில்.

கடைசி நேர் ரோட்டில் எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் நாலைந்து பேர். எல்லைக்கோட்டில் ஒரு இளைஞர் ஒவ்வொருவர் நம்பரையும் சத்தமாகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் வந்தவரைக் கூப்பிட்டார், எனக்குப் பின்னால் வந்தவரைக் கூப்பிட்டார். நடுவில் நான் கோட்டைத் தாண்டியபோது அவர் வேறெங்கோ பார்த்தார். நான் நின்று, "நானும் வந்துட்டேன்," என்றேன். "தெரியுதுங்க மேடம்," என்றார் அவர். அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரியும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தியும் வழியில் மயங்கி விழவில்லை. நாங்கள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினோம். செயலாளர் வந்து, பக்கத்தில் நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த வருஷம் லேடீஸுக்குத் தனியா வச்சிடறோம் மேடம். அஞ்சு கிலோமீட்டர்."

"பத்து," என்றேன்.

"முதல்ல அஞ்சு வைப்போம்."

சொன்னபடி வைத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஐந்து கிலோமீட்டர், தனி நம்பர், தனிப் பனியன், தண்ணீர். நாற்பது பெண்களுக்கு மேல் வந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள், நர்ஸ்கள், கதவுக்குப் பின்னாலிருந்து பேன்ட் போடணுமா என்று கேட்டவளும் அவள் மகளும். நான் ஓடவில்லை. டிசம்பரில் வந்த சிக்குன்குனியாவில் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பே நுழையவில்லை. மேடையில் வந்து உட்காருங்கள் என்று செயலாளர் நாற்காலியைக் காட்டினார். வேண்டாம் என்று ரோட்டோரத்தில் நின்றுகொண்டேன். கொடி அசைந்தது. அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி சடையை வாயில் கடித்துக்கொண்டு ஓடினாள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். கொஞ்சம் பட்டேன். மீதியெல்லாம் எரிச்சல். மூன்று வருஷம் வாய் வலிக்கக் கேட்டதைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் நாளில் இந்தக் கால் இப்படிச் செய்துவிட்டதே என்று.

துணிக்கடைக்காரர் மனைவிதான் முதலாவதாக வந்தார். எதிர்வீட்டுக்காரி நாலாவதோ ஐந்தாவதோ. வியர்வையோடு நேரே என்னிடம் வந்தாள்.

"என்னக்கா, அழுதீயளா?"

"அழல. எரிச்சல்."

"பரிசு குடுக்கிற வரைக்கும் நிப்போமா?"

"நீ நில்லு. அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட், நான் போய்ச் சட்னி அரைக்கணும்," என்றேன். அவள் நிற்கவில்லை. என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன், கொசுவை, காலை, கமிட்டியை. அவள் எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா" என்றாள்.