வெள்ளிக்கிழமைச் சூரை

கனடாவில் ஓர் ஏரியில் நானும் கணவரும் சால்மன் மீனுக்காகப் படகை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தோம். என் தூண்டில் உருளை திடீரென்று கிறீச்சிட்டது. 2005இல், எட்டு வயதில், இத்தாலியின் பலெர்மோக் கடலில் கேட்ட அதே சத்தம்.

அம்மா வீட்டுவேலை செய்த வீட்டின் எசமானி சிஞ்ஞோராவின் படகு அது. பின்னால் இழுபட்டு வந்த தூண்டிலில் சூரைமீன் மாட்டியதும் அம்மாதான் பாய்ந்து தடியைப் பிடித்தார். சிஞ்ஞோராவின் கணவர் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருளையைச் சுற்றினார்.

"அம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லோ? நீங்கள் விரதம்!" என்றேன்.

"விரதம் வாய்க்குத்தான் பிள்ளை, கைக்கில்லை."

சூரை படகுக்குள் வந்து விழுந்த பிறகுதான் அம்மா தடியை விட்டார்.

இப்போது நான் உருளையைச் சுற்றச் சுற்ற, என் கணவர் கை நீட்டுகிறார். "இஞ்சை தாரும், களைச்சுப்போனீர்."

நான் செருப்பைக் கழற்றுகிறேன்.