தம்பியின் கொழுப்பு

குழாயைத் திருகி மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே என் தம்பி பார்ப்பது, தண்ணீர் நின்றதா என்று அல்ல, வீட்டுக்காரரின் குதிகாலை. "குழாய் சரியாயிடுச்சுங்க. உங்க குதிகால்தான் லீக் ஆகுது" என்பான். அவர் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொள்வதற்குள், கருவிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்திருப்பான்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. உயரம் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. பத்தொன்பது வருடமாகக் குழாய் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஏழெட்டு ரப்பர் வாசர்கள் இருப்பதால் தெருவில் அவனுக்கு வாசர் என்றே பெயர். அம்மா வைத்த பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுவதாக நினைத்து வழிவிட்டு நிற்பான்.

தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்து அவன் கைகளை ஒரு காலத்தில் பாளம் பாளமாகப் பிளந்து வைத்திருந்தன. ஸ்பானரைப் பிடித்தால் ரத்தம் வரும். டாக்டர் கொடுத்த களிம்பு, என் கணவர் வாங்கித் தந்த ரோஜா மணக்கும் கிரீம், எதற்கும் கேட்கவில்லை. ஒருநாள் கறிக்கடையில் குழாய் மாற்றப் போனவன், கடைக்காரரின் கைகளைக் கவனித்தான். குழந்தையின் கன்னம் போல இருந்தனவாம்.

"நாள் பூரா தண்ணியிலதான் நிக்கிறீங்க. கை மட்டும் எப்படிங்க இப்படி இருக்கு?"

"எல்லாம் கொழுப்புதான்" என்றார் கடைக்காரர்.

தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து என் தம்பி, "தப்பா நினைச்சுக்காதீங்க, சும்மாதான் கேட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவர் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனதாம். பிறகு ஒரு பொட்டலம் மாட்டுக் கொழுப்பைக் கொடுத்து, உருக்கும் விதத்தையும் சொல்லி அனுப்பினார். மூன்று வாரத்தில் கை ஆறியது. அன்று தொடங்கியதுதான் இந்தக் கிரீம் வேலை.

கொழுப்பிலும் அவனுக்குச் சிறுநீரகத்தைச் சுற்றியிருப்பதுதான் வேண்டும். அதுதான் கெட்டியாக உறையும், வாடையும் குறைவு. அதைக் கடலை அளவுக்கு நறுக்கி, ஒட்டியிருக்கும் சதையையும் ரத்த நாளத்தையும் ஒவ்வொன்றாகச் சாமணத்தால் பிடுங்குவான். சாமணம் அவன் மனைவியுடையது. "என் புருவத்துக்கு வாங்கினேன் அண்ணி. இப்ப மாட்டுக்கு மேக்கப் நடக்குது" என்பாள் அவள்.

பிறகு உப்பும் தண்ணீரும் சேர்த்துச் சிறு தீயில் உருக்குவது. துணியில் வடிகட்டி ஆற வைத்தால், மேலே வெள்ளைத் தட்டாக உறைந்து நிற்கும். அதைப் புரட்டி, அடியில் படிந்த பழுப்பைச் சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டுவான். இப்படி மூன்று முறை. நான்காவது முறை தண்ணீர் சேர்க்காமல் உருக்குவான். இதுதான் முக்கியம், ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் கிரீம் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பாத்திரத்தில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வான். சுவருக்குள் கசியும் பைப்பை அவன் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். "சடசடன்னுது. இன்னும் தண்ணி இருக்கு. யாரும் பேசாதீங்க" என்பான். கொழுப்பு கொதிக்கும் சத்தத்துக்காகக் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடைசியாக நாலு பங்குக்கு ஒரு பங்கு சமையல் எண்ணெய் கலந்து, ஆற வைத்து, முட்டை அடிக்கும் கம்பியை டிரில் மெஷினில் மாட்டி நுரைக்க அடிப்பான். முதல் தடவை முழு வேகத்தில் வைத்துவிட்டான். பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி விடு, சீலிங்குக்கு இனிமே வெடிப்பு வராது" என்றான்.

இவன் இதை விற்பதில்லை. காலி டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்தால் போதும். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் பெண்மணி, டப்பாவைத் திருப்பித் தர வந்தாள். பத்து விரலையும் முழுதாக மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அன்று இவன் சாப்பிடும்போதெல்லாம் தன் விரல்களை அதேபோல் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி மாடியில் வாடகைக்குக் குடியிருந்தான்; சிக்கல் கீழ் வீட்டிலிருந்து வந்தது. வீட்டுச் சொந்தக்காரி தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். "ஏம்ப்பா, டிரெய்னேஜ்ல என்னமோ செத்துக் கிடக்கு. பாரு."

இவனுக்கோ அந்த வாடை பழகிப் போயிருந்தது, தெரியவே இல்லை. வேலையில் ஏமாற்றத் தெரியாதவன். நாலு சாக்கடை மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து, இரண்டு மணி நேரம் தேடினான். "டிரெய்னேஜ் கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர். உங்களுக்கு எங்க ஜாஸ்தியா அடிக்குதுன்னு சொல்லுங்க, அங்கயே போயிடலாம்" என்றான். டீச்சர் மோப்பம் பிடித்துக்கொண்டே படியேறினார். இவன் டார்ச்சோடு பின்னாலேயே ஏறினான். வாடை மாடிக் கதவில் போய் நின்றது. "இந்த வீடுதான் டீச்சர், சந்தேகமே இல்ல" என்று சொல்லித் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

அவன் மனைவி கையில் கரண்டியோடு கதவைத் திறந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னையே கூட்டிட்டு வந்து காட்டுறியா? உனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கும்!"

"ரெண்டு கிலோ டீச்சர்" என்றான் என் தம்பி.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னான் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். டீச்சர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இவன் கெஞ்சவில்லை. "ஒரே ஒரு தடவை டைம் கொடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை, உருக்கி முடிச்ச சூட்டோட நீங்களே வந்து மோந்து பாருங்க. வாடை இருந்தா நானே சாமானை இறக்கிடுறேன்" என்றான். டீச்சர் போன பிறகு அவன் மனைவி, "இனிமே உருக்கலன்னு சொல்லியிருந்தாலே பிழைச்சிருப்போமே! வீடா, கிரீமா? எனக்கு வீடு. உங்களுக்கு?" என்று கேட்டாள். இவன் வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்தது, அங்கே வளைந்து நிற்கும் குழாயை. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் அதுதான் தடுக்கும். அதே மாதிரி ஒன்றைப் பாத்திரத்துக்குப் பண்ணினான். மூடியில் ஓட்டை போட்டு, ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைப் பால்கனியில் ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினான். ஆவி தண்ணீருக்குள் போய்க் குமிழியாக வெளியேறும். வாடை தண்ணீரிலேயே தங்கிவிடும் என்பது கணக்கு. வாளித் தண்ணீர் சூடானால் மாற்ற ஒரு ஆள் வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு காலை என்று மூன்று நாளும் வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவள், அதற்கென்றே பஸ் ஏறி வந்த நான். இருபத்திரண்டு முறை தண்ணீர் மாற்றினேன்.

ஞாயிறு பத்து மணிக்குப் பெரிய டீச்சர் வந்தார். அப்போதுதான் டிரில்லை நிறுத்தியிருந்தான். டீச்சரின் மூக்கு முன்னால் போனது, அவர் பின்னால் போனார். திரைச்சீலையை மோந்தார். தலையணையை மோந்தார். பீரோவைத் திறந்து புடவைகளை மோந்தார். என் தம்பியைக் குனியச் சொல்லி அவன் சட்டைக் காலரை மோந்தார். அவன் மனைவி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கிரீம் பாத்திரத்துக்கு மேலேயே மூக்கை நீட்டி நீளமாக இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்லையே!" என்றார், ஏமாந்தவர் போல.

என் தம்பியின் தோள் அப்போதுதான் இறங்கியது. டீச்சர் வாசலை நோக்கி நடந்தார். என்னைக் கடந்தவர் நின்றார். ஒரு அடி பின்னால் வந்தார். என் தலைக்கு மேல் அவர் மூச்சுக் காற்று பட்டது.

"இங்க இருக்கு!"

மூன்று நாள் குமிழிகளும் என் கூந்தலுக்குள்தான் குடியேறியிருக்கின்றன.

"அவங்க இந்த வீட்டு ஆள் இல்ல டீச்சர்" என்றாள் தம்பி மனைவி, அவசரமாக. பதினாறு வருட உறவை அப்படி ஒரே வாக்கியத்தில் முறித்தாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் சற்று யோசித்தார். பிறகு மார்க் போடுகிறவர் குரலில், "வீடு பாஸ்" என்றார். "அக்கா ஃபெயில். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்துக்கலாம், என்ன வேணா உருக்கிக்கலாம். ஆனா இந்தத் தலை என் படியில இறங்கக் கூடாது. இறங்கினா படிக்கட்டும் ஃபெயில்!"

இருப்பதோ ஒரே படிக்கட்டு. எனக்குப் பதினொன்றரைக்குப் பஸ்.

என் தம்பி என்னைக் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தான். புதுக் குழாய் சுற்றி வந்த பிளாஸ்டிக் பை ஒன்றை உதறி என் தலையில் கவிழ்த்தான். பிறகு கருவிப் பையிலிருந்து, பைப்பின் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்தான். அந்த டேப்பில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றினால் தன்னைத்தானே கவ்விக்கொள்ளும். பெரிய டீச்சர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, மரை திரும்பும் திசையிலேயே என் நெற்றியைச் சுற்றி ஏழு சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் என் காது உள்ளே மடங்கிவிடாமல் சுண்டுவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.