ஐம்பத்தெட்டு மதிப்பெண்

டெக்சாஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கல்லூரிக் கால்பந்து அணியில் ஒருவனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பது. எண்பதுகளின் நடுவில், மேற்படிப்புக்குப் போன முதல் செமஸ்டர் அது. அவர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு அதிக வேலையில்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். சனிக்கிழமையானால் ஊரே இதைப் பார்க்கப் போய்விடும். இத்தனைக்கும் எங்கள் அணி அந்த வருடம் தோற்பதையே தொழிலாக வைத்திருந்தது.

என் மாணவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். எடையில் என்னைப் போல் இரண்டு மடங்கு. பந்து வைத்திருப்பவனை இடிக்க வருகிறவர்களை முன்னால் நின்று தடுப்பது அவன் வேலை. பந்தைத் தொடவே மாட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்புறம் எதுக்கு ஆடற?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"யாராவது நிக்கணுமே சார்," என்றான்.

முதல் தேர்வு முடிந்ததும் விடைத்தாளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்தான். திருப்பிப் பார்த்தேன். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? நல்லாத்தான் பண்ணியிருக்க," என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். "நிஜமாவா சார்?"

"நிஜமாத்தான். கணக்கை விடு, ஹிஸ்டரிதான் இடிக்குதுன்னு சொன்னியே. இனிமே அதைப் பார்ப்போம்."

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அறுபது எடுத்தால் முதல் வகுப்பு என்று வளர்ந்தவன் நான். அங்கே எப்படி என்று கேட்கத் தோன்றவேயில்லை. என் வகுப்புகளில் அதுவரை தேர்வு எதுவும் வந்திருக்கவில்லை. மூன்று வாரம் அல்ஜீப்ரா புத்தகத்தை நாங்கள் திறக்கவில்லை.

ஆடக் கூடாதவர்கள் என்று பயிற்சியாளர் போட்ட பட்டியலில் அவன் பெயர் வந்தபோதுதான் தெரிந்தது. எந்தப் பாடத்திலாவது எழுபதுக்குக் கீழே இருந்தால் ஆட முடியாது. அடுத்த தேர்வில் எழுபதைத் தொடும்வரை பெஞ்சுதான். அடுத்த அல்ஜீப்ரா தேர்வு ஒரு மாதம் கழித்து. மதிப்பெண் வருவது, எங்கள் கல்லூரி மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

அந்த ஆட்டத்துக்கு அவன் அம்மா வருவதாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் சனிக்கிழமைதோறும் வேலை. மகன் கல்லூரியில் ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் வரப்போகிறார்.

என்னோடு அறையில் இருந்த மதுரைக்காரனிடம் சொன்னேன். "அடப்பாவி, இங்க ஐம்பத்தெட்டுன்னா ஃபெயில்டா. வந்த அன்னைக்கே யார்கிட்டயாவது கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். வேறு யார்மேல் விழுவது?

மாணவனிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கணக்கில் புலி என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டு விமானம் ஏறியவன் நான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பதிலாக, தினமும் மதியம் அவனை உட்காரவைத்து அரைத்தெடுத்தேன். ஆட்டம் இல்லையே தவிர பயிற்சிக்கு அவன் போயாக வேண்டும். தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வந்து சமன்பாடு போடுவான். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. அணி இன்னும் மூன்று ஆட்டங்களில் தோற்றது. மூன்றையும் ரேடியோவில் கேட்டேன். மூன்றும் என்னால்தான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை தாளைக் கவிழ்க்காமல் நேராகவே வைத்தான். அறுபத்தாறு.

"எட்டு ஏறியிருக்கு சார்," என்றான். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மறுநாள் அறைக்காரர்கள் பேர்லேண்ட் என்ற ஊரில் நம்மவர்கள் கட்டியிருந்த கோயிலுக்குக் காரில் கிளம்பினார்கள். நான் போகவில்லை. மைதானத்துக்கு நடந்தேன். தன் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையைத்தான் அவன் எனக்கு வாங்கித் தந்திருந்தான். அணியின் நிறத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மடியில் கைப்பையோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவன் நின்றான். பந்து வைத்திருந்தவன் அடிக்கடி மண்ணைக் கவ்வினான். அந்த அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மகன் அங்கே இருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "ஐம்பத்தெட்டு நல்ல மார்க்குன்னு நான்தான் சொன்னேன். எங்க ஊர்ல முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ். இங்க எப்படின்னு கேக்காம விட்டுட்டேன்."

"தெரியும்," என்றார். "பட்டியல் வந்த அன்னைக்கே ஃபோன்ல சொன்னான். வேற ஒரு இந்தியப் பையன்கிட்ட விசாரிச்சானாம்."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னா வெட்கப்பட்டு பாடம் சொல்லிக்குடுக்க வராம இருந்துடுவீங்கன்னு பயந்தான்." மடியில் இருந்த கைப்பையை நேராக்கி வைத்தார். "கணக்குல நல்லா பண்ணியிருக்கன்னு அவன்கிட்ட இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுற்றிலும் எதற்கோ எல்லோரும் எழுந்து கத்திவிட்டு உட்கார்ந்தார்கள்.

"அறுபத்தாறுக்கு உங்க ஊர்ல என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை நாங்கள் இருவருமே மைதானத்தைப் பார்க்கவில்லை.