பிளேன் துரைக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறு வருடம் துரையாக, அதாவது நிர்வாகியாக, இருந்தவர் யுத்தத்தில் போர் விமானம் ஓட்டியவர். சொந்த ஊர் கொழும்பு. பர்மாவில் விமானம் தீப்பிடித்ததில் இடது கன்னமும் கழுத்தும் வெந்து, தோல் சுருங்கிப் போயிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அவரைப் ‘பிளேன் துரை’ என்பார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் தேர்தலில் நின்றபோது பேச்சை மொழிபெயர்க்க என்னை அழைத்தார். அதற்குள், இந்திய வம்சாவளியினர் என்று சொல்லி, எங்கள் சனத்தில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையும் ஓட்டுரிமையும் இல்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கும் இல்லை. நோர்வூட் கடைவீதியில் ஓட்டுள்ள வியாபாரிகள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் தமிழில் பேச வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சாமான் வாங்க வந்த தோட்டத்து ஆட்களும் நின்றார்கள். கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

“ஓட்டு இல்லாதவங்களும் கேள்வி கேக்கலாமுங்களா?”

“கேளும்மா” என்றேன்.

“நீங்க ஜெயிச்சா எங்க ஓட்டத் திரும்ப வாங்கித் தருவீங்களா தொர?”

கட்சிக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அத விட்டுருங்க மாஸ்டர்.”

நான் விடவில்லை; கேள்வியை ஆங்கிலத்தில் துரையிடம் சொன்னேன். துரை, பாராளுமன்றத்தில் எழுந்து கேட்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஒலிபெருக்கியில், “கட்டாயம் வாங்கித் தருவேன்னு சொல்றாரு!” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஆசைதான். கைதட்டல் அடங்க நேரமானது.

துரை என் தோளைத் தொட்டு விலக்கினார். தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாகவே விளங்கும்; மேடைப் பேச்சுக்குத்தான் அது போதாது. “வாத்தியார் கூட்டிச் சொல்லிட்டாங்க. நான் கேக்குறது. கெடைக்குமா, தெரியாது” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் மன்னிப்புக் கேட்டேன். “நாளைக்கு அடுத்த கூட்டம். எட்டு மணிக்கு வந்துருங்க” என்றார், அவ்வளவுதான்.

சொற்ப வாக்குகளில் ஜெயித்தார். சொன்னபடி கேட்டார். அவர் கட்சிக்காரர்களே கூச்சலிட்டு உட்காரவைத்தார்கள் என்று பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. அவரும் தனியாக நிற்கவில்லை. நுவரெலியாவில் வீடு எடுத்து உருளைக்கிழங்கு பயிரிட்டார்.

என் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு ஒருநாள் அங்கே போனேன். சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.