முப்பத்து நாலு தாள், ஒரே பெருவிரல்

ஹேமாம்புஜம் டீச்சருக்குக் கேள்வி கேட்காவிட்டால் சாப்பாடு செரிக்காது. இது கோள் இல்லை. பதினோரு வருஷம் அவருக்குக் கீழே உதவி ஆசிரியனாக இருந்து பட்டவன் சொல்கிறேன். பிள்ளை மூக்கை உறிஞ்சினால், நேற்று எந்தக் குளத்தில் குளித்தாய் என்பார். பஸ் கண்டக்டரிடம், விசிலை எங்கே வாங்கினாய் என்பார். நான் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் கேட்ட கேள்விகளை என் மாமனாரே என்னிடம் கேட்டதில்லை.

டீச்சருக்குத் திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்து, தனியாக அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை தோறும் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். பள்ளிக்கு வரும்போது கையில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கும். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவரிடம் சொன்னதில்லை.

எங்கள் பள்ளி நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்து படிக்க வேண்டுமானால் கல்கத்தா ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். லாரிக்குப் பயந்து பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். நாலு முடித்ததும் அதுகள் களை எடுக்கப் போய்விடும். இது டீச்சருக்கு ஆறவே இல்லை. எழுதி எழுதிப் பார்த்ததில், எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு பதில் வந்தது. முப்பது குடும்பங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் இங்கேயே ஐந்தாம் வகுப்பு திறக்கலாம். ஜூன் மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பள்ளி திறக்கும் போது வீடுகளுக்கு ஒரு கடிதம் அனுப்புவது அவர் வழக்கம். அந்த வருஷம் அதில் ஐந்தாம் வகுப்பு விஷயத்தையும் எழுதி, அடியில் ஒரு பத்தியைச் சேர்த்தார். ‘மேற்கண்ட விவரங்களை அறிந்து, என் முழு மனதுடன் சம்மதித்து, என் இடது கைப் பெருவிரல் ரேகையை இதில் பதிக்கிறேன்.’ அதற்குக் கீழே பிள்ளையின் பெயருக்கு ஒரு கோடு. முப்பத்தெட்டு தாளையும் கையாலேயே எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார்.

மூன்றே நாளில் முப்பத்தெட்டும் திரும்பி வந்துவிட்டன. நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீதி எல்லாம் கைநாட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் மட்டும் தாளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“மோசஸ், இது மை இல்லை. சட்டிக்கரியை நல்லெண்ணெயில குழைச்சிருக்கா. எல்லாத்துலயும் அதே வாசனை. ஏன்?”

பஞ்சாங்கம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே போனவர், பத்தாவதில் நிமிர்ந்தார். “எல்லார் விரல்லயுமா ஒரே இடத்துல வெட்டுக்காயம் இருக்கும்?”

நானும் பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. முப்பத்து நாலு தாளிலும் அதே கோடு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாருக்காக இந்த அம்மாள் இப்படி மாடாய் உழைக்கிறார்? “ஏமாத்தறாங்க டீச்சர். ஐந்தாவதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விட்டுத் தள்ளுங்க” என்றேன்.

“ஏமாத்தறவா முப்பத்து நாலு தடவை கரி குழைச்சுண்டு இருப்பாளா? யாருன்னு பார்க்க வேண்டாமா?” என்றார். கண்ணில் கோபமே இல்லை, ஆசை பளபளத்தது.

பிள்ளைகளைக் கேட்டால், “எங்கம்மா வெச்சுது டீச்சர்” என்று ஒரே பாட்டு. அன்று சாயங்காலமே காலனிக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். வீடு வீடாக நின்று கடிதத்தைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜூன் வெயிலில் டீச்சருக்கு முகம் சிவந்து, நாக்கு வறண்டுவிட்டது. கூஜா பள்ளியிலேயே நின்றுவிட்டது.

நெல் மில்லில் வேலை செய்யும் கங்கம்மா என்ற பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டீச்சர் சொம்பைப் பார்க்கவில்லை. சொம்பைப் பிடித்திருந்த இடது கைப் பெருவிரலைப் பார்த்தார். குறுக்கே, சாய்வாக, பழைய அரிவாள் வெட்டு.

சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். பிறகுதான் கேட்டார். “ஏம்மா, எல்லாருக்கும் நீயேவா வெச்சே?”

கங்கம்மா மறைக்கவில்லை. “நான்தான் டீச்சரம்மா. சங்கிலி வெச்சுக்கினு நெலத்த அளந்துக்கினு போறாங்க, கம்பெனி வருதாம். அந்த நேரம் பார்த்து கைநாட்டு கேட்டு காயிதம் வந்தா ஜனங்க இன்னா நெனைக்கும்? ஊடு பூடும்னு பயந்துக்கினாங்க. வெக்கலன்னா புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டீங்களோன்னும் பயம். பேஜாரா பூடுச்சு.”

“உனக்குப் பயம் இல்லையா?”

“எனக்குப் போறதுக்கு இன்னா கீது? முன்ன ஒரு தபா, அரிசி கார்டுக்குன்னு ஒருத்தன் காயிதத்த நீட்டுனான். வெச்சேன். ஊடு இருந்த எடம் அவன் பேருக்குப் பூடுச்சு. ஒரு தபா போனதுதானே, இந்த வெரல் எத்தினி தபா வெச்சா இன்னா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? டீச்சர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். ‘முழு மனதுடன் சம்மதித்து’ என்று எழுதிய கை அவருடையதுதானே.

அந்தச் சனிக்கிழமை அவர் திருவள்ளூர் போகவில்லை. ஞாயிறு காலை, புதிதாக எழுதிய தாள்களோடு காலனிக் கிணற்றடிக்கு வந்தார். எல்லோரையும் கூப்பிட்டு, பழைய தாள்களை அவர்கள் கண் முன்னால் கிழித்தார். புதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். அதில் நாலே வரி. ஐந்தாம் வகுப்பு இங்கேயே வேண்டும், எங்கள் பிள்ளையை அனுப்புவோம், நிலத்துக்கும் வீட்டுக்கும் இதில் சம்பந்தம் இல்லை, அடியில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கோடு, இவ்வளவுதான். பிறகு மை அட்டையைத் திறந்து, ஒவ்வொரு தாளிலும் முதலில் தன் பெருவிரலைப் பதித்தார்.

“நீங்க கையெழுத்துப் போடலாமே டீச்சர்” என்றேன்.

“ஏதாவது பறிபோனா, முதல்ல என்னோடது போகட்டும் மோசஸ்.”

முதலில் யாரும் நகரவில்லை. அப்புறம் ஞானம்மா வந்தாள், அவள் பின்னால் சின்னதுரை. வெயில் ஏறுவதற்குள் முப்பத்து நாலு பேரும் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு ஆகஸ்டில் திறந்தது. முதல் வரிசையில் ஒன்பது பெண்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகும் கங்கம்மா மட்டும் நின்றாள். “எனக்கு ஒரு காயிதம் இல்லியா?”

அவளுக்குப் பிள்ளை கிடையாது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “படிச்சுக் காட்டி, இன்னான்னு தெரிஞ்சப்புறம் நான் வெக்கிற மொத காயிதம் டீச்சரம்மா இது.”

டீச்சர் ஒரு தாளை எடுத்து, முதலில் தன் விரலைப் பதித்தார். பக்கத்தில் கங்கம்மா பதித்தாள். பிள்ளையின் பெயர் என்ற கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு, “இங்கே என்ன எழுதட்டும்?” என்று கேட்டார்.

கங்கம்மா கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

“எல்லாம்னு எழுதுங்க” என்றாள்.

டீச்சர் அப்படியே எழுதினார்.