மகளைத் தனியே மலைக்கு விடலாமா என்று வீதி பார்க்கப் போன கதை

இது பனிச்சறுக்கப் போனவளின் கட்டுரை அல்ல, வீதி பார்க்கப் போனவளின் கட்டுரை. என் மகள் ஆரணிக்குப் பதின்மூன்று வயது. பள்ளி முடிந்ததும் சிநேகிதிகளோடு மலைக்குப் போய்ச் சறுக்க வேண்டும், அம்மா கூட வரக் கூடாது. பனி மாரி தொடங்கியதில் இருந்து இதே நச்சரிப்பு. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு மலையோடு கோபம் இல்லை, அதற்குப் போகிற வீதியோடுதான். இரண்டு மாரிக்கு முன் அங்கே நடைபாதையே கிடையாது. ஒரு பக்கம் பனிக்குவியல், மறுபக்கம் வாகனங்கள், நடுவில் தோளில் ஸ்கீ பலகைகளோடு பிள்ளைகள். அன்று வழுக்கி வந்த ஒரு கார் ஆரணிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

“இப்ப எல்லாம் மாத்திப்போட்டினம் அம்மா. நடக்க வேற பாதை இருக்கு, லைட் இருக்கு. வந்து பாருங்கோவன்.”

“பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன்” என்றேன். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

நாங்கள் இருக்கும் புருசெத்தில் காலை ஒன்பது மணிபோல தெ-பானே என்கிற நகர ரயிலை எடுத்தோம். மயூர்ஸ்துவனில் இறங்கி ஒன்றாம் இலக்க ரயிலுக்கு மாற வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஆகும். எல்லாம் ஒரே கட்டண வலயம்தான், உங்களிடம் மாத டிக்கெட் இருந்தால் மேலதிகச் செலவு இல்லை. ரயில் ஏற ஏறக் கீழே கடல் விரிந்துகொண்டே போனது. வெயில் வேறு. வீதியைச் சோதிக்க வந்தவள் மாதிரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

மேலே ரயிலடியில் இருந்து சறுக்குத் திடலுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். பேருந்தும் உண்டு, ஆனால் பிள்ளைகள் நடப்பதால் நானும் நடந்தேன். வீதியை விட உயரமாக, தனிக் கல்வரம்போடு நடைபாதை. பனி வழித்துச் சரளைக்கல் தூவியிருந்தது. காலால் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. வாகனங்களுக்கு முப்பதுக்கு மேல் வேகம் கூடாது என்று பலகை. நடப்பவர்கள் வீதியைக் கடக்கும் கடவைகளைத் திட்டுப்போல் உயர்த்தியிருந்தார்கள். ஆரணி என்னைத் தெரியாதவள் மாதிரி முன்னால் நடந்தாள்.

“நில்லடி பிள்ளை, கடக்காதை” என்று கத்திக்கொண்டு கடவைக்கு ஓடினேன். அதற்குள் அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். மேலிருந்து இறங்கிய பேருந்து எனக்காக நின்றது. நகரத்துக்குள் நான் ராசாத்தி மாதிரிக் கடக்கிறவள். ஆனால் இறக்கம், பனி, அவ்வளவு பெரிய பேருந்து. கை தானாக எழுந்து ‘நீங்கள் போங்கோ’ என்று காட்டியது. பேருந்து அசையவில்லை. திரும்பவும் காட்டினேன். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. ஆரணி அந்தப் பக்கம் நின்று தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாரதி ஜன்னலைத் திறந்தார். “அக்கா, எவ்வளவு நேரம் எனக்கு டாட்டா காட்டப்போறியள்? நீங்கள் கடந்தாத்தான் நான் போகலாம்.”

நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கும், அவர் பேசியதும் நல்ல யாழ்ப்பாணத் தமிழ். “இறக்கம் தம்பி. பிரேக் பிடிக்குமோ எண்டு பயம்.”

“பிடிச்சபடியாத்தானே நிண்டு உங்களோட கதைக்கிறன்.”

சிரித்துக்கொண்டே கடக்கத் தொடங்கினேன். வீதி நடுவில் நின்று கேட்டேன்: “பிள்ளையளைத் தனிய விடலாமோ?”

“ஓம், தாராளமா. என்ரை மகளும் இதாலைதான் வாறவ. ஆனா வெளிச்சம் பட்டா மினுங்கிற பட்டி கையில கட்டி விடுங்கோ. கறுப்பு ஜாக்கெட்டோட பொழுதுபட்டா எங்களுக்குத் தெரியாது.”

அந்தப் பக்கம் நின்ற என் மகள் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. பட்டி கட்டுவது குழந்தைப்பிள்ளை வேலையாம்.

திடலில் அவளுடைய சிநேகிதிகள் இருவர் வந்து நின்றார்கள். ஆரணி என் முகத்தையே பார்த்தாள். வீதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் கையில் இருந்த பட்டியைக் கழற்றி நீட்டினேன். அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். “சரி, நான் போறன். இருட்ட முதல் வெளிக்கிடு” என்றேன். எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தாள். கண் கலங்கிவிட்டது, பனிக்காற்று என்று சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை என்றால் பத்து மணிக்கு முன் ரயிலேறிவிடுங்கள், பிறகு ரயிலில் ஸ்கீக்கு மட்டும்தான் இடம். கார் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். சாப்பாட்டுக்கு மீன் ரோல்ஸ் கட்டிப் போங்கள். ஆளுக்கு ஒரு மினுங்கும் பட்டி கட்டாயம். பேருந்து நின்றால் தயவுசெய்து கடந்துவிடுங்கள்.

ஆரணி ஆறு மணிக்கு வந்தாள், கன்னம் சிவந்து, கொலைப் பசியோடு. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டே, “நாளைக்கும் போகட்டோ?” என்றாள். போ என்றேன். நீங்களும் வாறியளோ என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.